கைப்பேசியும் கரும்பலகையும்

பலகையும் பலப்பமும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்த தலைமுறையினர் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றனர். அவர்கள் நம் பாட்டிமார். அவர்களுடைய பேத்திகளோ இன்று வீட்டுப்பாடம் என்ன என்று அறிவதற்குக் கைப்பேசியைத் தேடுகின்றனர். ஒரே கூரையின் கீழ் இவ்விரு தலைமுறையும் வாழ்கின்ற காலம் நம்முடைய காலம். ஆகவே கைப்பேசியையும் இணையத்தையும் பற்றி நம்மிடையே ஒரே கருத்து இல்லாதிருப்பதில் வியப்பில்லை.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இக்கருத்து வேற்றுமையை நாம் நேரிலேயே காண்கிறோம். "பாடங்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், சிஸ்டர், வராத நாளிலும் பிள்ளை படித்துக்கொள்வாள்" என்று ஒரு தாய் எழுந்து கூறுகிறார். அவர் அமர்வதற்குள் இன்னொரு தந்தை எழுகிறார். "பெண்பிள்ளை கையில் அதைக் கொடுக்கச் சொல்லாதீர்கள்; அதனாலேதான் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள்" என்கிறார். இருவருக்கும் கைதட்டல் கிடைக்கிறது! இருவரும் தம் மகளின் நன்மையையே நாடுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இருவர் சொல்வதும் ஒருங்கே நடைபெற இயலாது. எனவே இவ்வாண்டு மலரில் இப்பொருளைக் குறித்து நம் கருத்தை வெளிப்படையாகக் கூற விரும்புகிறோம். "கைப்பேசி கத்தியைப் போன்றது, நல்லதற்கும் பயன்படும், தீயதற்கும் பயன்படும்" என்று எழுதிக் கட்டுரையை முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தக் கத்தி யார் கையில், எந்த நேரத்தில், எதற்காக இருக்க வேண்டும் என்று கூறாமல் விட்டால் நாம் ஒன்றும் கூறியவர்கள் ஆகமாட்டோம்.

முதலில் ஓர் அச்சத்தை நீக்கிவிடுவோம். புதிய கருவிகள் வரும்போதெல்லாம் சமயப் பற்றுள்ளவர்கள் விலகி நிற்க வேண்டும் என்று சிலர் எண்ணுகின்றனர். நம் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. முத்துக்குளித்துறையில் மறைப்பணி ஆற்றிய அண்ட்ரிக் அடிகளார் தமிழைக் கற்று, 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழ் எழுத்துக்களில் அச்சிட்டார். அச்சுப்பொறி அன்று இந்நாட்டிற்கு எவ்வளவு புதுமையானது என்று எண்ணிப் பாருங்கள்! அப்புதுமையை அவர் மறைக்கல்வி புகட்டுவதற்குப் பயன்படுத்தினார். வானொலி வந்தபோது மார்க்கோனியைக் கொண்டே வத்திக்கான் வானொலி 1931-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தொலைக்காட்சி பரவத் தொடங்கிய நாளில், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958-ஆம் ஆண்டில் அதற்கு ஒரு பாதுகாவலியை அளித்தார். அவர் ஒரு கன்னியர்: அசிசி நகரத்துப் புனித கிளாரா. நோயுற்றுப் படுக்கையில் கிடந்த அவர், ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், தொலைவிலிருந்த ஆலயத்தின் திருப்பலியைத் தம் அறையிலிருந்தே கண்டும் கேட்டும் மகிழ்ந்தார் என்பது மரபு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களுக்கென்றே 1963-ஆம் ஆண்டில் ஓர் ஆணையேட்டை வெளியிட்டது. ஆகவே கருவியைக் கண்டு அஞ்சுவது நம் மரபன்று. கருவியை நாம் ஆள வேண்டும், கருவி நம்மை ஆளலாகாது என்பதே நம் மரபு.

இனி நம் கண்ணெதிரே நடந்த ஒரு பெரிய சோதனையை நினைவு கூர்வோம். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனா நோயினால் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடவாமலேயே அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் 2021 ஜனவரியில் திறக்கப்பட்டுச் சில வாரங்கள் நடந்து, நோயின் இரண்டாம் அலையால் மீண்டும் வகுப்பறைகள் வெறிச்சோடின. ஒன்று முதல் எட்டு வகுப்பு வரையிலான சிறுமியரோ 2021 நவம்பர் முதல் நாளில்தான் பள்ளி வாயிலை மீண்டும் மிதித்தனர். பத்தொன்பது மாதங்கள்! ஐந்தாம் வகுப்பில் விடைபெற்றுச் சென்ற குழந்தை ஏழாம் வகுப்பு மாணவியாகத் திரும்பி வந்தாள்.

அந்த மாதங்களில் இணையம் செய்த நன்மையை மறப்பது நன்றி மறப்பதாகும். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வீடுதோறும் பாடம் நடத்தியது. கரும்பலகைக்கு முன் நின்றே பழகிய ஆசிரியைகள், கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் முன் நின்று கணக்குப் போட்டுக் காட்டினர். வகுப்பில் எழுந்து ஒரு சொல் கேட்க நாணும் பெண்கள், குரல் பதிவாகத் தம் ஐயங்களை அனுப்பினர். ஒருமுறை கேட்டு விளங்காத பாடத்தை மூன்று முறை கேட்டுத் தெளிந்த மாணவியரும் உண்டு. இவையெல்லாம் உண்மை.

ஆயினும் மற்றோர் உண்மையும் உண்டு. அதனைக் கூறாவிடில் நாம் நேர்மையற்றவர் ஆவோம். அந்நாளில் ஒன்பதாம் வகுப்பில் பயின்ற ஒரு மாணவியின் தந்தை சுமை ஆட்டோ ஓட்டுபவர். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி காலையில் அவருடன் சென்று இரவு ஒன்பது மணிக்கு மேல் திரும்பும். சாப்பாடு முடிந்து, தம்பி விளையாடி ஓய்ந்த பின்பு, அவள் முறை வரும். ஆசிரியை அனுப்பிய கரும்பலகைப் படங்களைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதுவாள். பள்ளி திறந்ததும் அவளுடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தோம். ஒரு பாடமும் விடுபடவில்லை. கையெழுத்தோ முத்து முத்தாக இருந்தது. ஆனால் அதிலிருந்த ஒரு கணக்கையேனும் அவளால் தானாகப் போட இயலவில்லை. எழுதியிருந்தாள், கற்கவில்லை. குழுவில் இரண்டு நீலக் குறிகள் தெரிந்தவுடன் பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஆசிரியைகளாகிய நாங்கள் நம்பினோம். நீலக் குறி, செய்தி திறக்கப்பட்டது என்பதைத்தான் காட்டும். பிள்ளையின் முகத்தில் தோன்றும் தெளிவையும் குழப்பத்தையும் அது காட்டுவதில்லை. வகுப்பறையில் ஒரு முகச்சுளிப்பைக் கண்டதும், "மறுபடியும் சொல்லட்டுமா?" என்று கேட்போமே, அந்தக் கேள்விதான் கற்பித்தலின் உயிர் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம்.

அரசும் இதனை உணர்ந்ததற்கு ஒரு சான்று உண்டு. 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. அது கைப்பேசியை அனுப்பவில்லை, தன்னார்வலர்களை அனுப்பியது. மாலை வேளைகளில், தெருவில், திண்ணையில், மரத்தடியில் குழந்தைகளைக் கூட்டி வைத்து அவர்கள் பாடம் சொன்னார்கள். அத்தன்னார்வலர்களில் மிகப் பலர் பெண்கள். கருவி விட்ட இடைவெளியை மனிதர்களே நிரப்ப வேண்டியிருந்தது.

நம் நாட்டுக் கிராமங்களில் ஆண்டுதோறும் கல்வி நிலையை ஆராயும் 'அசர்' அறிக்கையின் சில எண்களை இங்கே பார்ப்பது நல்லது. 2018-ஆம் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 36.5 பேர் வீட்டில்தான் திறன்பேசி இருந்தது. 2021-இல் அது 67.6 ஆக உயர்ந்தது. இது பெரும் வளர்ச்சியே. ஆனால் அவ்வாறு திறன்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைகளிலும் நூற்றுக்கு 26.1 பேருக்கு அது படிப்பதற்குக் கிடைக்கவில்லை. பதினான்கு முதல் பதினெட்டு வயதினரை ஆராய்ந்த 2023-ஆம் ஆண்டு அறிக்கை இன்னொன்றையும் கூறிற்று. திறன்பேசியை இயக்கத் தெரிந்தவர்களில், தமக்கென்று சொந்தமாக ஒன்றை வைத்திருந்த பையன்கள் நூற்றுக்கு 43.7, பெண்களோ 19.8. நாடு முழுவதும் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்விலும் இதே கதைதான். ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57; பெண்கள் 33.

இந்த எண்களுக்கு விளக்கம் தேவையில்லை. நம் மாணவியர் அனைவரும் இதனை அறிவர். அண்ணனுக்குக் கல்லூரி சேரும் முன்னரே கைப்பேசி வந்துவிடும். தங்கை கேட்டால், "உனக்கு எதற்கு?" என்பார்கள். அவன் இரவு பதினொரு மணி வரை வைத்திருந்தாலும் யாரும் கேட்பதில்லை. அவள் அரை மணி நேரம் வைத்திருந்தால் ஐந்து பேர் எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே பெண்கள் பயிலும் ஒரு பள்ளி, "பாடம் இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கூறிவிட்டால், அது எல்லா மாணவியருக்கும் ஒரே சொல்லைக் கூறியதாகத் தோன்றும்; உண்மையிலோ சிலருக்குக் கதவைத் திறந்து, சிலருக்கு மூடியதாகிவிடும். எங்கள் கருத்தின் முதற்படி இதுதான்: கைப்பேசி இல்லாத ஒரு மாணவி வகுப்பில் இருக்கும் வரையில், கைப்பேசி இருந்தால்தான் முடிக்கக்கூடிய வீட்டுப்பாடத்தை யாருக்கும் கொடுத்தலாகாது.

அப்படியானால் இணையமே வேண்டாமா? அவ்வாறு நாம் கூறவில்லை. இணையத்தில் இருவகைப் பொருள்கள் உள்ளன என்பதைப் பலர் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒன்று கல்விக் கருவி. மற்றொன்று சமூக வலைத்தளம். கல்விக் கருவி அகராதியைப் போன்றது. நாம் தேடிச் சென்றால் விடை கூறும். தேடாதபோது அலமாரியில் பேசாமல் இருக்கும். சமூக வலைத்தளமோ நாம் தேடாதபோதும் நம்மை அழைக்கும். "உன் தோழி படம் போட்டிருக்கிறாள், பார்" என்று மணி அடிக்கும். ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடத் தொடங்கும். அதை நடத்தும் நிறுவனங்களுக்கு விளம்பரத்தினாலேயே வருவாய். நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம். ஆகவே நம் நேரமே அங்கே சரக்கு. இதனை அறியாமல், "கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்" என்று அமரும் பிள்ளை, தன் மன உறுதியை ஒரு பெரிய தொழிற்சாலையோடு போட்டிக்கு அனுப்புகிறாள்.

கல்விக் கருவிகளுக்குக் குறைவில்லை. நம் அரசுப் பாடநூல்களில் 2018 முதல் கட்டம் கட்டமான க்யூஆர் குறிகள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றைக் கைப்பேசியால் நோக்கினால் பாடத்திற்குரிய காணொளி திறக்கும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து விலையின்றி வழங்குகின்றனர். 2001-இல் தொடங்கப்பட்டு இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று வழங்கும் நிறுவனத்தின் மின்நூலகத்தில் அரிய நூல்கள் பல உள்ளன. தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் வளர்ந்து வருகிறது. எழுதத் தெரிந்த எவரும் அதற்குக் கட்டுரை அளிக்கலாம். அமெரிக்காவில் வாழ்ந்த சல்மான் கான் என்பவர் 2004-ஆம் ஆண்டில் வேற்றூரிலிருந்த தம் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைவிலிருந்தே கணக்குச் சொல்லிக் கொடுத்தார். உறவினர் பலரும் கேட்கவே, பாடங்களைப் பதிவு செய்து யூடியூபில் வைத்தார். அதுவே உலகறிந்த 'கான் அகாதமி' ஆயிற்று. ஒரு குடும்பத்துச் சிறுமிக்காகத் தொடங்கியது பல நாட்டுப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. இதயம் குருதியைச் செலுத்துவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிட, அது துடிப்பதையே காட்டினால் விளங்காத பிள்ளையும் உண்டோ? ஆங்கிலச் சொல்லை எழுதிக் காட்டுவதைவிட ஒலித்துக் காட்டுவது நன்றன்றோ? இவற்றையெல்லாம் வகுப்பறையில், ஆசிரியையின் முன்னிலையில், அனைவரும் ஒன்றாகக் காண வேண்டும். அங்கே ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இல்லை. தனியே அகப்பட்டுக்கொள்ளும் ஆபத்தும் இல்லை.

மாணவியருக்கு இங்கே ஒரு சொல். 2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வந்தபின், கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் பொறிகள் பெருகிவிட்டன. "மழைநீர் சேமிப்பு" என்று தலைப்புக் கொடுத்தால் ஒரே வகையான முன்னுரையும் ஒரே வகையான முடிவுரையும் கொண்ட கட்டுரைகள் ஒரே வகுப்பில் நான்கைந்து வருகின்றன. பிழை ஒன்றும் இல்லை; உயிரும் இல்லை. உங்கள் தெருக் குழாயில் நீங்கள் குடத்துடன் காத்திருந்ததைப் பற்றி அப்பொறிக்கு என்ன தெரியும்? சமையற்கட்டில் அம்மா சுட்ட தோசையை உண்டால் பசி தீரும். ஆனால் தோசை சுட உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று ஆகுமா? முதலில் உங்கள் கையால் எழுதுங்கள். எழுதிய பின்பு ஐயம் வந்தால் ஆசிரியையைக் கேளுங்கள், கருவியையும் கேளுங்கள், அது சொன்னதைப் பாடநூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது தவறாகவும் சொல்லும், தவற்றைத் தயங்காமலும் சொல்லும்.

பொய்ச் செய்தியும் அப்படித்தான். "நாளை பள்ளி விடுமுறை", "தேர்வு தள்ளி வைக்கப்பட்டது" என்று குழுக்களில் வருவதை நம்பி எத்தனை பிள்ளைகள் வீட்டில் தங்கிவிட்டனர்! ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி 2018-ஆம் ஆண்டில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு வரம்பு விதித்தது. நிறுவனம் விதித்த வரம்பு அது. நம் மனச்சான்று விதிக்க வேண்டிய வரம்பு ஒன்று உண்டு: உண்மை என்று அறியாததை ஒருவருக்கும் அனுப்பாதிருத்தல். புறங்கூறுதலைப் பாவம் என்று அறிந்து பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிடுகிறோம். விரலால் அனுப்பிய பழிச்சொல்லும் புறங்கூறுதலே.

இப்போது மிகவும் கடினமான ஒன்றைப் பெற்றோரிடம் கூற வேண்டும். பிள்ளைகளைச் சமூக வலைத்தளங்களிலிருந்து காக்க வேண்டும் என்னும் கவலை உலகெங்கும் உண்டு. ஆஸ்திரேலியா நாட்டில் பதினாறு வயதுக்குட்பட்டோர் முக்கியமான சமூக வலைத்தளங்களில் கணக்கு வைத்திருக்கலாகாது என்னும் சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவையே பதின்மூன்று வயதிற்குக் குறைந்தோரை ஏற்பதில்லை என்று விதி வைத்துள்ளன. ஆறாம் வகுப்புச் சிறுமிக்குப் பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கித் தரும் பெற்றோர், அவளுக்குக் கற்பிக்கும் முதற்பாடம் பொய் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே வயதுக்கேற்ற வரம்பு தேவை என்பதில் நாமும் உடன்படுகிறோம்.

ஆனால் வரம்பு வேறு, மிரட்டல் வேறு. "ஏதாவது ஒன்று காதில் விழட்டும், கைப்பேசியையும் பிடுங்கி, படிப்பையும் நிறுத்திவிடுவேன்" என்று கூறும் வீடுகள் உண்டு. இச்சொல் பெண்ணைக் காக்கிறது என்று எண்ணுகிறோம். அது காப்பதில்லை. அறியாத ஒருவன் அவளுக்குச் செய்தி அனுப்பித் தொல்லை கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஆண்டு விழாவில் அவள் ஆடிய படத்தை யாரோ எடுத்து, கேலிச் சொல் சேர்த்துப் பரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். குற்றம் அவளுடையதன்று. ஆயினும் அவள் யாரிடம் சொல்வாள்? சொன்னால் முதலில் பறிபோவது அவளுடைய படிப்பு. ஆகவே வாய் திறவாமல் இருப்பாள். தொல்லை கொடுப்பவன் அதனை அறிந்துகொள்வான். அவனுடைய துணிவு நம் மிரட்டலிலிருந்தே பிறக்கிறது. தண்டனை குற்றம் செய்தவனுக்கா, குற்றத்தை எடுத்துரைத்தவளுக்கா என்று ஒவ்வொரு தந்தையும் தாயும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல்; உன் படிப்பு நிற்காது" என்னும் ஓர் உறுதிமொழி, எத்தனை பூட்டுகளையும்விடப் பெரிய காவல். மாணவியரே, வீட்டில் சொல்ல அஞ்சினால் வகுப்பாசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ சொல்லுங்கள். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை. அந்த எண் உங்கள் நாட்குறிப்பின் முதற்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கட்டும்.

குறை கூறிவிட்டு நிற்பது முறையன்று. நாம் செய்யத்தக்கவை எவை என்று எண்ணியதில் எங்களுக்குத் தோன்றியவற்றைக் கீழே தருகிறோம்.

முதலாவது, வீட்டுப்பாடம் கரும்பலகையில் எழுதப்பட்டு மாணவியின் நாட்குறிப்பில் ஏறட்டும். வகுப்புக் குழு விடுமுறை, கட்டணம், கூட்டம் ஆகிய அறிவிப்புகளுக்கு மட்டும் பயன்படட்டும். அதில் மாணவியர் இல்லாமல் பெற்றோரே இருக்கட்டும்.

இரண்டாவது, மாலை ஏழு மணிக்கு மேல் அக்குழு ஓய்வு பெறட்டும். இரவு பத்து மணிக்கு, "சிஸ்டர், நாளைக்கு என்ன உடுப்பு?" என்று வரும் கேள்விக்கு விடை கூறும் ஆசிரியைக்கும் குடும்பம் உண்டு, மடத்துச் சகோதரிகளுக்கும் செப நேரம் உண்டு.

மூன்றாவது, பள்ளியின் கணினி அறை மதிய இடைவேளையிலும் மாலையில் ஒரு மணி நேரமும் திறந்திருக்கட்டும். வீட்டில் கைப்பேசி இல்லாதவர்களுக்கு அங்கே முதலிடம். மேல்வகுப்பு மாணவியர் முறை வைத்து இளையவருக்கு உதவலாம். சாரணியர் இயக்கத்திலும் நாட்டு நலப்பணித் திட்டத்திலும் தொண்டு செய்வோருக்கு இதைவிட அருகில் ஒரு தொண்டு கிடைக்குமா?

நான்காவது, மாணவியரின் படங்களைப் பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு இன்றி யாரும் இணையத்தில் இடுதல் கூடாது. விழா மேடையைப் படம் பிடிக்கும் பெற்றோர், தம் மகளின் பக்கத்தில் நிற்பவள் இன்னொருவரின் மகள் என்பதை மறவாதிருக்கட்டும்.

ஐந்தாவது, நீதிபோதனை வகுப்புகளில் திங்களுக்கு ஒன்றையேனும் இதற்கென ஒதுக்கலாம். கடவுச்சொல்லை எப்படி அமைப்பது, அறியாதவரை எப்படித் தடை செய்வது, ஒரு செய்தி உண்மையா என எப்படி ஆராய்வது என்பவை இன்று சமையலும் தையலும் போலக் கற்க வேண்டியவை. 2024-ஆம் ஆண்டின் அசர் அறிக்கைப்படி பதினான்கு முதல் பதினாறு வயதுடையோருள் திறன்பேசியை இயக்கத் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 57 பேர் அந்த வாரத்தில் கல்விக்காகவும், 76 பேர் சமூக வலைத்தளத்திற்காகவும் திறன்பேசியைப் பயன்படுத்தினர். நாம் கற்பிக்காவிட்டாலும் பிள்ளைகள் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி.

ஆறாவது வீட்டிற்குரியது. கைப்பேசி இரவில் கூடத்திலே, எல்லார் கண்ணிலும் படும் இடத்திலே இருக்கட்டும். மகளுக்கு வைக்கும் விதியை மகனுக்கும் வையுங்கள். அப்பாவும் அம்மாவும் அவ்விதிக்கு உட்படுங்கள். சாப்பிடும்போது தந்தை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே, "கீழே வைத்துவிட்டுச் சாப்பிடு" என்று மகளிடம் கூறினால் அச்சொல் எவ்வாறு ஏறும்? ஒரு காலத்தில் மாலை மணி அடித்ததும் வீடுதோறும் செபமாலை ஒலித்தது. அந்த அரை மணி நேரத்தையாவது கைப்பேசி இல்லாத நேரமாக மீட்டுக்கொள்வோம்.

முடிக்குமுன் ஓர் இளைஞரைப் பற்றிக் கூறுவோம். கார்லோ அக்குத்திஸ் 1991-ஆம் ஆண்டில் பிறந்து இத்தாலியில் வளர்ந்தவர். கணினியில் பெருவிருப்பம் உடையவர். அவர் உலகெங்கும் நிகழ்ந்த நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து ஓர் இணையத்தளம் அமைத்தார். அதே வேளையில் நாள்தோறும் திருப்பலிக்குச் சென்றார். தெருவில் வாழும் ஏழைகளுக்கு உதவினார். கணினி விளையாட்டு அவருக்குப் பிடிக்கும். ஆயினும் வாரத்திற்கு ஒரு மணி நேரம் மட்டுமே என்று தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் கூறுவர். 2006-ஆம் ஆண்டில் பதினைந்தாம் வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதராக அறிவித்தார். கணினியைத் தொடாமல் இருந்ததனால் அவர் புனிதரானவரல்லர். கணினியை எங்கே வைப்பது, கடவுளை எங்கே வைப்பது என்று அறிந்திருந்தார். இந்த அறிவே நம் மாணவியருக்கு வேண்டுவது.

சுமை ஆட்டோ ஓட்டுநரின் மகளைப் பற்றி முன்னே கூறினோம் அல்லவா? பள்ளி திறந்தபின் ஓர் ஆசிரியை மாலைதோறும் அவளை அருகில் அமர்த்தி, அந்த அழகிய நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். சில கணக்குகளுக்குக் கணினி அறையில் காணொளியும் காட்டினார். நான்காம் வாரத்தில் அவள் தானாக ஒரு கணக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைக் காண அங்கே ஓர் ஆசிரியை இருந்தார். காணொளியும் வேண்டியிருந்தது, ஆசிரியையும் வேண்டியிருந்தது, ஆனால் யார் யாருக்குத் துணை என்பதில் ஐயமில்லை.

கரும்பலகையைக் கைப்பேசி அகற்ற வேண்டாம். கைப்பேசியைக் கண்டு கரும்பலகை அஞ்சவும் வேண்டாம். நம் பெண்மக்கள் இரண்டையும் தம் கைக்குள் வைத்துக்கொண்டு, தலைநிமிர்ந்து, நேர்மையான மனச்சான்றுடன் கற்பார்களாக. ஞானத்தின் இருப்பிடமாகிய அன்னை மரியாள் அவர்களுக்கும், அவர்களைப் பேணும் நம் அனைவருக்கும் துணை நிற்பாராக!